முப்பத்தேழாம் பக்கத்து ஈரநிலம்

தோள்வரை சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் பிளம்பர். ஒரு கன்னம் தண்ணீரில் பதிந்திருந்தது. விரல் நுனி இரும்புக் குழாயைத் தொட்டது, அதன் வளைவோடு ஊர்ந்தது, சட்டென்று நின்றது.

கண்டுபிடித்துவிட்டார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். நான்கு மாதமாக பாய்லர் அறைக்குப் பின்பக்கத்தைக் குளமாக்கிக்கொண்டிருந்த கசிவு இதுதான்.

"ஒரு கிளாம்ப், ரெண்டு போல்ட்டு. முடிஞ்சுது கதை," என்று சேற்றிடம் சொல்லிவிட்டு, மற்றொரு கையால் ஸ்பானரை எட்டினார்.

ஸ்பானர் மீது ஒரு ஷூ நின்றுகொண்டிருந்தது.

"கையை வெளில எடுங்க பிளம்பர். மெதுவா. எதையும் கலைச்சிடாதீங்க."

வெடிகுண்டைத் தொடப் போகிறவனிடம் பேசுகிற குரல். பிளம்பர் நிமிர்ந்து பார்த்தார். நிலைத்தன்மைத் துறையின் தலைவர். வாரத்தில் எல்லா நாளும் பச்சை நிறத்திலேயே சட்டை போடுவதால் தொழிற்சாலையில் அவருக்குப் பச்சைச் சட்டை என்று பெயர். நிலைத்தன்மை என்றால் என்ன என்று பிளம்பர் ஒருமுறை கேட்டிருக்கிறார். "இருக்கறது அப்படியே இருக்கணும்" என்றார்கள். தன் சம்பளத்தைத்தான் சொல்கிறார்கள் போல என்று விட்டுவிட்டார்.

"சார், தோண்டறதுக்கு பர்மிஷன் நேத்துதான் வந்துச்சு. ஏழு கையெழுத்து. அதுல ஒண்ணு உங்களுது."

"அது கசிவை அடைக்கறதுக்கு."

"இதுதானே சார் கசிவு?"

"நேத்து வரைக்கும்."

பச்சைச் சட்டை கக்கத்திலிருந்த புத்தகத்தைப் பிரித்தார். வழவழப்பான தாள், முப்பத்தேழாம் பக்கம். பிளம்பர் படுத்திருந்த அதே சேறு, முழுப் பக்க வண்ணப் படமாக. ஓரத்தில் இரண்டு கொக்குகள். கீழே தடித்த எழுத்தில், 'எங்கள் நிறுவனம் மீட்டெடுத்த ஈரநிலம்.'

"காலையில அச்சாகி வந்துடுச்சு. இனிமே இதைத் தொடக் கூடாது."

நடந்தது என்னவென்றால், அது ஒரு பற்பசைத் தொழிற்சாலை. ஆண்டுக்கொரு முறை நிலைத்தன்மை அறிக்கை என்று ஒரு புத்தகம் போடும். அதற்காக ஓர் ஆலோசகர் வந்து வளாகத்தில் உள்ள உயிர்களை எண்ணிவிட்டுப் போவார். போன வருடம் அவர் கணக்கில் வந்தவை காகம் மூன்று, கேண்டீன் பூனை ஒன்று. எம்.டி. அந்தப் பக்கத்தை வெகுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்த வருடம் அதே ஆலோசகர், யாரும் பார்க்காத இடமாகத் தேடி பாய்லர் அறைக்குப் பின்னால் அவசரமாக ஒதுங்கப் போனார். போன காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். கொக்கு இரண்டு, தவளை பதினொன்று, பெயர் தெரியாத பூச்சி ஏராளம்.

ஆக, கசிவு ஈரநிலமாயிற்று.

பிளம்பருக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. அந்தக் குழாய் போய்ச் சேர்வது ஊழியர் குடியிருப்புக்கு. குழாய் கசியத் தொடங்கியதிலிருந்து தண்ணீர் இரண்டாவது மாடிவரை ஏறிக் களைத்துத் திரும்பிவிடும். அவர் வீடு மூன்றாவது மாடி. மனைவி நான்கு மாதம் பக்கெட் பக்கெட்டாக மேலே சுமந்தாள். போன வாரம் பக்கெட்டை வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பெண்களோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சேற்றுக் கையோடு அவளுக்குப் போன் போட்டார்.

"என்ன, அடைச்சாச்சா?"

"அது வந்து... கசிவு இல்லையாம். ஈரநிலமாம்."

"குடிச்சிருக்கீங்களா?"

"காலங்காத்தால எட்டு மணிக்கா?"

"பின்ன என்ன பேச்சு இது? ஊர்ல இருக்கிற அத்தனை குழாயையும் சரி பண்றீங்க. நம்ம வீட்டுக் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து வருது. இங்க பாருங்க, பதினஞ்சாம் தேதி இங்க ஸ்கூல் அட்மிஷனுக்குக் கடைசி நாள். அதுக்குள்ள நம்ம வீட்ல தண்ணி வரணும். வரலைன்னா பிள்ளைங்களை இங்கயே சேர்த்துடுவேன். அப்புறம் ஒரு வருஷத்துக்கு நீங்கதான் வந்து பாத்துட்டுப் போகணும்."

போன் கை மாறியது. மச்சான். "மாப்பிள்ளை, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? நீங்களும் இங்கயே வந்துடுங்க. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. தண்ணி பிச்சுக்கிட்டு வருது."

வீட்டோடு மாப்பிள்ளை. பிளம்பர் தேதியைப் பார்த்தார். ஒன்று. பதினான்கு நாள் இருந்தது.

*

மறுநாள் அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'ஈரநிலக் காப்பாளர்.' தினமும் காலையில் குளத்தின் நீள அகலத்தை அடியால் அளந்து எழுத வேண்டும். கொக்குகளை எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கசிவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சார், இருபத்திரண்டு வருஷமா நான் கசிவை நிறுத்தற வேலை பாக்கறேன்."

"அதனாலதான் உங்களைப் போட்டோம்," என்றார் பச்சைச் சட்டை. "கசிவைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

மூன்றாம் தேதி சொட்டு சார் வந்தார். தண்ணீர் சிக்கனக் குழுவின் பொறுப்பாளர். எந்தக் கழிப்பறைக்குள் நுழைந்தாலும் குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டி ஐந்து நிமிடம் காத்திருப்பவர். ஒரு சொட்டு விழுந்தாலும் மெமோ. 'பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள்' என்று சட்டைப்பையில் பேட்ஜ் குத்தியிருப்பார். குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்றாக அந்த பேட்ஜைக் கொடுத்தபோது பிளம்பரின் மனைவி, "மூடறது இருக்கட்டும் சார், முதல்ல வரணுமே" என்று சொன்னதற்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது.

"தினம் ஒன்பதாயிரம் லிட்டர் இங்கே வீணாப் போகுது. இருபத்திநாலு மணி நேரத்துல அடைக்கணும். இல்லன்னா நடவடிக்கை," என்று தாளை நீட்டினார். அரை மணி நேரத்தில் பச்சைச் சட்டையிடமிருந்து இன்னொரு தாள். கசிவில் யார் கை வைத்தாலும் நடவடிக்கை.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு பிளம்பர் எம்.டி. அறைக்குப் போனார். இரண்டு துறைத் தலைவர்களும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எம்.டி. தொண்டையைச் செருமினார். "தண்ணியைச் சேமிக்கணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஈரநிலத்தைக் காப்பாத்தணும். அதுலயும் மாற்றுக் கருத்தே கிடையாது. முப்பது வருஷமா எனக்கு எதுலயுமே மாற்றுக் கருத்து இருந்ததில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்."

"சார், பன்னிரண்டாம் பக்கத்துல 'வீணாகும் நீர் பூஜ்யம்'னு நாங்க போட்டிருக்கோம்," என்றார் சொட்டு சார். "முப்பத்தேழாம் பக்கத்துல அதே தண்ணியில கொக்கு நிக்குது. ரெண்டு பக்கத்தையும் ஒரே ஆள் படிச்சா என்னாகறது?"

எம்.டி. முகம் வெளுத்தது. "படிப்பாங்களா?"

"இதுவரைக்கும் நடந்ததில்லை சார்," என்றார் பச்சைச் சட்டை. "ஆனா இந்த வருஷம் விருதுக்கு விண்ணப்பிச்சிருக்கோம். பதினாலாம் தேதி வெளிநாட்டு நடுவர் வர்றார். அவர் படிக்கிற ரகமாம்."

எம்.டி. இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டினார்.

"ஒரு வழி இருக்கு," பச்சைச் சட்டை குரலைத் தாழ்த்தினார். "வீணாகிற தண்ணின்னு ஏன் பாக்கணும்? குடுக்கிற தண்ணின்னு பாருங்க. கொக்குக்கு நன்கொடை. சமூகப் பொறுப்புல வந்துடும். பன்னிரண்டாம் பக்கமும் உண்மை, முப்பத்தேழாம் பக்கமும் உண்மை."

சொட்டு சார் நீண்ட மூச்சு விட்டார். "அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா நன்கொடைன்னா பயனாளியோட கையொப்பம் வேணும். விதி."

பிளம்பர் மெல்லக் கையைத் தூக்கினார். "சார், குடியிருப்புல மூணாவது மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது..."

"உங்களை மறப்போமா?" பச்சைச் சட்டை சுவரில் இருந்த ஒரு வரைபடத்தைக் காட்டினார். "உங்க எல்லாருக்கும் படிவம் குடுத்தோமே. தண்ணீர் எவ்வளவு முக்கியம், ஒண்ணுலேர்ந்து அஞ்சுவரைக்கும் மதிப்பெண் போடுங்கன்னு. நீங்க எத்தனை போட்டீங்க?"

"அஞ்சு. பக்கத்துல ரெண்டு தடவை அடிக்கோடு வேற போட்டேன்."

"பாருங்க, பதிவாகியிருக்கு. மேல போகப் போக மக்களுக்கு முக்கியம். வலது பக்கம் போகப் போக கம்பெனிக்கு முக்கியம்." குடியிருப்புத் தண்ணீர் என்ற புள்ளி உச்சியில், இடது ஓரத்தில், சுவரைத் தாண்டிக் குதிக்கப் போவதுபோல் தனியாக நின்றது. "இந்த மூலையில வர்ற விஷயங்களை நாங்க கண்காணிப்போம்."

"கண்காணிச்சு?"

"தொடர்ந்து கண்காணிப்போம்."

*

கொக்கிடம் கையொப்பம் வாங்குவது பிளம்பரின் பொறுப்பு என்று முடிவானது. காப்பாளர் அவர்தானே.

இரண்டு படிவங்களை ஈரச் சேற்றின் மேல் பரப்பிவிட்டு, பாய்லர் அறைச் சுவரோடு ஒட்டிக் குந்தினார். ஆறு மணிக்கு உட்கார்ந்தவர் பதினொன்றரைக்குத்தான் எழுந்தார். ஒரு கொக்கு நடந்து வந்தது. முதல் படிவத்தை மிதித்தது, யோசித்தது, இரண்டாவதையும் மிதித்துவிட்டுப் போனது. மற்ற கொக்கு கரையைவிட்டு நகரவே இல்லை.

இரண்டு படிவங்களும் அன்று மாலையே திரும்பி வந்தன. 'இரு பயனாளிகளின் கையொப்பங்களும் ஒன்றுபோல் உள்ளன. ஆள்மாறாட்டம் என ஐயம்.' பிளம்பரிடம் விளக்கம் கேட்டு சொட்டு சார் எழுதினார். முதல் பயனாளி இரண்டாம் பயனாளியின் துணை என்பதால் குடும்பத்தின் சார்பில் கையொப்பமிட்டது என்று பிளம்பர் பதில் எழுதினார். திருமணச் சான்று கேட்பார்களோ என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தார். கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

அத்தோடு கசிவுக்கு வைத்திருந்த மீட்டரையும் சொட்டு சார் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்கொடையை அளப்பது நாகரிகம் அல்ல என்றார். நன்கொடைப் படிவத்தில் ஒன்பதாயிரம் லிட்டர் என்று அச்சாகிவிட்டது. அச்சான பிறகு எதற்கு அளப்பது?

ஆறாம் தேதி சனிக்கிழமை மனைவி பேசினாள். "அண்ணன் அட்மிஷன் படிவம் வாங்கிட்டு வந்துட்டான். நிரப்பிட்டிருக்கேன். அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத, கொக்கு மேய்க்கறார்னா?"

பிளம்பர் ரொம்ப நேரம் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் விடுமுறை, வாசலில் மட்டும் காவலாளி. காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்றுவரை பிளம்பர் பாய்லர் அறைக்குப் பின்னால் இருந்தார். என்ன செய்தார் என்பது அவருக்கும் அவருடைய மண்வெட்டிக்கும் மட்டுமே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடிக் குழாயைத் திறந்தார். இருமியது. ஒருமுறை துப்பியது. பிறகு கொட்டியது. போனைக் குழாய் அருகில் பிடித்து அந்தச் சத்தத்தை அப்படியே மனைவிக்குக் கேட்கவைத்தார்.

"பக்கத்து வீட்டுக் குழாய்ட்ட போய் நின்னு பேசறீங்களா?"

"நம்ம வீடுதான். வந்து பாரு."

ஒன்பதாம் தேதி வந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பெண்கள் இருவரும் ஆளுக்கு மூன்று முறை கை கழுவினார்கள். ஆனால் பெட்டியை அவள் பிரிக்கவில்லை. கதவோரமாகவே வைத்தாள்.

"பதினஞ்சாம் தேதி வரைக்கும் பாப்பேன். நடுவுல ஒரு நாள் நின்னாலும் பெட்டியோட கிளம்பிடுவேன். உங்க கம்பெனியை நம்பறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

பாய்லர் அறைக்குப் பின்னால் குளமும் தளும்பியது. இருபது அடி நீளம். கொக்கு இரண்டு. பிளம்பர் தினமும் எழுதி வைத்தார்.

*

பதினோராம் தேதி வினை எம்.டி. வாயிலிருந்து வந்தது.

"நடுவர் வந்துட்டுப் போகற வரைக்கும் பூமிக்கு ஓய்வு," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். "அலுவலகத்துல ஒரு ஏசிகூட ஓடக் கூடாது. நம்ம வியர்வையை இந்த பூமிக்குக் காணிக்கையாக்குவோம்." ஜன்னல்கள் திறக்கப்பட்டன. ஆளுக்கொரு பிளாஸ்டிக் விசிறி வழங்கப்பட்டது, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். எம்.டி. மட்டும் அன்று மாலையே அவசர வேலையாக ஒரு குளிர்ப் பிரதேசத்துக்குப் போனார்.

பன்னிரண்டாம் தேதி குளம் பதினைந்து அடி. பதின்மூன்று காலையில் ஒன்பது அடி. கொக்கு இல்லை.

பச்சைச் சட்டை சட்டையெல்லாம் நனைந்து ஓடி வந்தார். "கசிவு ஏன் குறைஞ்சுது? நாளைக்கு நடுவர் வர்றார். இந்தச் சேத்துல கொக்கு எங்கன்னு கேட்டா நான் நிக்கவா ஒத்தைக் கால்ல?"

"வெயில் ஜாஸ்தி சார்."

"வெயிலை நான் என்ன பண்ண முடியும்? கசிவைப் பண்ணலாம். தோண்டற மிஷினுக்குச் சொல்லிட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வருது. குழாயை வெளியில எடுத்து, விரிசலை ஒரு முழத்துக்குப் பெருசாக்கிடுவோம்."

குழாயை ஒரு முழத்துக்குக் கிழித்தால் மூன்றாவது மாடி என்ன, முதல் மாடிக்கே தண்ணீர் ஏறாது. பெட்டி கதவோரத்தில் தயாராக இருந்தது. போதாததற்கு, அந்த மண்ணுக்கு அடியில் அவர்கள் பார்க்கக் கூடாத ஒன்றும் இருந்தது. பார்த்தால் வேலை போகும், வேலையோடு குடியிருப்பு வீடும் போகும். மாடி ரூமும் மச்சானும்தான் மிச்சம்.

மணி பன்னிரண்டு ஐந்து.

"சார், தோண்ட வேணாம்," என்றார் பிளம்பர். "ஏசியைப் போடச் சொல்லுங்க."

பச்சைச் சட்டை விசிறுவதை நிறுத்தினார். "என்னது?"

"ரெண்டு நாளா ஏசி நின்னுபோச்சு. கொக்கு அந்தச் சத்தத்துலயே இருந்து பழகினது சார். சத்தம் நின்னதும் பயந்து போயிடுச்சு." நிறுத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து தொடர்ந்தார். "கொக்கு நடந்தாத்தான் சார் மண்ணு இளகும். மண்ணு இளகினாத்தான் தண்ணி மேல வரும். கொக்கு போச்சு, மண்ணு இறுகிடுச்சு, கசிவு அடைஞ்சுபோச்சு. எல்லாமே ஒண்ணோட ஒண்ணு தொடர்பு."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் எம்.டி. படத்துக்குக் கீழே இருந்ததும் அதே வாக்கியம்தான்.

பச்சைச் சட்டை அங்கேயே நின்று ஆலோசகருக்குப் போன் போட்டார். ஆலோசகர், தானும் இதை வெகுநாளாகச் சந்தேகித்துவந்ததாகவும், 'ஒலிச் சூழல்' என்று இதற்குத் தனி அத்தியாயமே உண்டென்றும், அதற்குக் கட்டணமும் தனி என்றும் சொன்னார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு எல்லா ஏசியும் ஓடின. பதினாறு டிகிரி. தோண்டும் இயந்திரம் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டது.

பதினான்கு காலையில் குளம் பதினேழு அடி. பிளம்பர் எட்டிப் பார்த்தபோது கையொப்பமிட்ட கொக்கு வந்து நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் துணையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அலுவலகம் முழுக்கக் கூடியிருக்க, நடுவர் வந்தார். முதல் ஐந்து நிமிடத்தில் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். பத்தாவது நிமிடத்தில், இவ்வளவு குளிர் எதற்கு என்று பல்லைக் கடித்தபடி கேட்டார். வரவேற்பு மேசைப் பெண் கழுத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சிரித்தாள்.

அன்று காலையில்தான் ஊர் திரும்பியிருந்த எம்.டி. எழுந்தார். "மனுஷனுக்காக ஏசி போடற காலம் மலையேறிப் போச்சு. மனுஷன் சுயநலக்காரன். நாங்க கொக்குக்காகப் போடறோம். எங்க ஊழியர்கள் நடுங்கறாங்க, சந்தோஷமா நடுங்கறாங்க. தேவைப்பட்டா இன்னும் ரெண்டு டிகிரி குறைக்கவும் தயங்க மாட்டோம். இயற்கைக்காக இதைக்கூடச் செய்யலைன்னா நாம எதுக்கு மின்சாரம் செலவழிக்கறோம்?"

நடுவர் கண் கலங்கியது. குளிரினாலும் இருக்கலாம். எத்தனையோ தேசங்களில் எத்தனையோ ஈரநிலங்களைப் பார்த்திருப்பதாகவும், ஒரு நிறுவனம் பறவைக்காகத் தன் வெப்பநிலையையே மாற்றிக்கொண்டதை இங்கேதான் பார்ப்பதாகவும் சொன்னார். பக்கம் பன்னிரண்டையும் முப்பத்தேழையும் அவர் படித்திருந்தார். இரண்டும் தனக்குப் பிடித்திருந்தன என்றார்.

விருது அன்றே, அங்கேயே மேடையில் கிடைத்தது. கண்ணாடியில் செய்த ஓர் இலை. அதே மேடையில் எம்.டி. இனி வருடம் முழுக்க, இரவும் பகலும் ஏசி நிற்காது என்று உறுதிமொழி எடுத்தார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டினால் கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

*

பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அட்மிஷன் நேரம் முடிந்தது. ஐந்து பத்துக்கு மனைவி பெட்டியைப் பிரித்தாள். துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, சமையலறையில் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பிளம்பரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடலை. ஒரே குழாய். நம்ம வீட்டுக்கும் தண்ணி வருது, அங்க குளமும் ரொம்பியிருக்கு. கொக்கு கதையெல்லாம் உங்க ஆபீசர்ட்ட சொல்லுங்க. என்கிட்ட நெசத்தைச் சொல்லுங்க."

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"கசிவை அந்த ஞாயித்துக்கிழமையே அடைச்சிட்டேன்."

"அப்ப குளத்துல?"

ஜன்னலைத் திறந்தார். மதிலுக்கு அந்தப்பக்கம் அலுவலகத்தின் பின்சுவர் தெரிந்தது. ஆறு மாடி, மாடிக்குப் பதினோரு பெட்டிகள், எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்.

"அந்தச் சுவர்லேர்ந்து குளத்துக்கு மண்ணுக்கடியில ஒரு குழாய் பதிச்சேன். அங்க நிக்கறது பூரா ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணி. நிலைத்தன்மைத் துறை மாடியிலேர்ந்துதான் ஜாஸ்தி வருது."